ஊருக்கு வெளியே ஒன்றா, சந்தைக்குப் பக்கத்தில் நாலா?

மக்கும் குப்பையிலிருந்து கேஸ் எடுக்கலாம் என்பதில் இப்போது யாருக்கும் சந்தேகம் இல்லை. அதற்கான நிலையத்தை எங்கே வைப்பது என்பதில்தான் இழுபறி. கிருஷ்ணகிரி, தர்மபுரி மாதிரி ஊர்களில் இந்தப் பேச்சு எடுத்தாலே இரண்டு கட்சி. ஊருக்கு வெளியே குப்பைக் கிடங்கில் ஒரே பெரிய நிலையம் போதும் என்பார் ஒருவர். உழவர் சந்தை, பஸ் ஸ்டாண்டு பக்கம் 1 டன், 2 டன் அளவில் சின்னச் சின்னதாக வைக்கலாம் என்பார் இன்னொருவர்.

பெரிய நிலையம் கேட்பவர்கள் இந்தூரைக் காட்டுவார்கள். 2022-ல் திறந்த அந்த நிலையம் தினமும் 550 டன் மக்கும் குப்பையை வாங்கும் அளவுக்குக் கட்டியது. ஆனால் வீட்டு வாசலிலேயே பிரித்து வாங்கிப் பழகிய பெருநகரம் அது. கிருஷ்ணகிரியும் தர்மபுரியும் நகராட்சிகள். இரண்டின் மக்கும் குப்பையையும் சேர்த்தாலும் அந்தக் கணக்குக்குக் கிட்டேகூட வராது. சேர்ப்பதும் லேசில்லை. நடுவில் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் நெடுஞ்சாலை. முக்கால்வாசி தண்ணீராக இருக்கும் குப்பைக்கு டீசல் போட்டு ஊர் ஊராக இழுப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

சரி, கேஸை விடுங்கள். உள்ளே போனது எப்படி வெளியே வருகிறது என்று பாருங்கள். 2 டன் காய்கறிக் கழிவை அரைத்து, சம அளவு தண்ணீர் சேர்த்து மூடிய தொட்டிக்குள் விட்டால் 100 முதல் 160 கன மீட்டர் கேஸ் வரலாம். தோராயமாக மூன்று கடை சிலிண்டருக்கு ஈடு. அதே நாள் மறுபக்கம் ஏறக்குறைய 4,000 லிட்டர் ஸ்லரி வழியும், அதாவது கேஸ் போக மிஞ்சும் கரைசல், தோட்டத்துக்கு உரம். ஒரு டிராக்டர் டேங்கர் நிறைய! கேஸ் மிஞ்சினால் எரித்துவிடலாம், ஸ்லரியை எரிக்க முடியாது. சாக்கடையில் விட்டால் அது ஏரிக்குத்தான் போய்ச் சேரும். இடம் பார்க்கும்போது புறம்போக்கு எங்கே இருக்கிறது என்று தேடுவதைவிட, டேங்கர் எந்தத் தோட்டத்துக்குப் போகும் என்று கேட்பதுதான் முதல் வேலை.

இந்தக் கேள்வியில் சின்ன நிலையம் முந்துகிறது. சந்தைக்குக் காய் ஏற்றி வரும் விவசாயி அதே வண்டியில் நாலு கேன் ஸ்லரி கொண்டு போகலாம். கேஸுக்கும் அம்மா உணவகம் போல பக்கத்திலேயே ஓர் அடுப்பு இருந்தால் போதும், சுத்திகரித்துச் சிலிண்டரில் அழுத்தும் செலவு மிச்சம். தர்மபுரியில் தண்ணீரையும் யோசிக்க வேண்டும். நிலத்தடி நீரில் இருக்கும் புளோரைடு தொல்லைக்காக ஒகேனக்கல்லிலிருந்து குழாயில் வரும் குடிநீரைக் குப்பை கரைக்க ஊற்றுவது நியாயமில்லை. ஸ்லரியை வடிகட்டி அந்த நீரையே திரும்பப் பயன்படுத்தும்படி ஆரம்பத்திலேயே வடிவமைக்க வேண்டும்.

சின்னதற்கும் குறை உண்டு. நாற்றம் வருமே என்று தெருக்காரர்கள் பயப்படுவது வீண் பயம் இல்லை. மூடிய தொட்டி நாறாது. அரைக்காமல் ராத்திரி முழுக்க வெளியே கிடக்கும் குவியல்தான் நாறும். அதற்குப் பெரும்பாலும் காரணம் அரவை இயந்திரம் நின்று போவது. பூமாலை நூலும் வாழை நாரும் இயந்திரத்தின் சுழலும் தண்டில் சுற்றிக்கொண்டால் கத்தியால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். நாலு இடத்தில் நாலு இயந்திரம் என்றால் நாலு இடத்திலும் அதற்கு ஆள் வேண்டும். பெரிய நிலையத்தில் இயந்திரம் பார்க்க ஒரே பிட்டர் போதும், இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் 5 டன்னுக்கு மேல் போனால் சுற்றிலும் கட்டடம் வராத இடைவெளி விட வேண்டும் என்பது திடக்கழிவு விதி. ஊருக்குள் அது நடக்காது.

அப்புறம் மாங்காய். சீசனில் கூழ் ஆலைகளிலிருந்து பெங்களூரா ரக மாங்காயின் தோலும் கொட்டையும் மலையாகக் குவியும். அதைப் பார்த்துப் பெரிய தொட்டி கட்டினால் மீதி மாதங்களில் அது பட்டினி கிடக்கும். கொட்டை உள்ளே மக்காது. தோலை மட்டும் தனியாகக் கொட்டினால் சீக்கிரம் புளித்து அமிலம் ஏறி, மீத்தேன் தரும் நுண்ணுயிர்கள் அடங்கிப் போகும். சாணம் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். விலை விழுந்தால் ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் ரோட்டோரம் கொட்டும் தக்காளியும் இதே ரகம்தான். அதை நம்பிக் கொள்ளளவு போடக் கூடாது. மாங்காய்க் கழிவை ஆலைகள் தங்கள் வளாகத்திலேயே பார்த்துக்கொள்வதுதான் சரி.

வார்டுகளில் குப்பையை மக்க வைத்து உரமாக்கும் நுண் உர மையங்களை மூட வேண்டியதில்லை. இளநீர் மட்டை, இலைச் சருகு, வாழை மட்டை எல்லாம் கேஸ் தொட்டிக்கு ஆகாதவை, அங்கேதான் போக வேண்டும்.

ஓசூர் மட்டும் கணக்கு மாறும். மாநகராட்சி, நிறையத் தொழிற்சாலைகள், ஒரு நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை தரும் கேன்டீன்கள். சாப்பாட்டுக் கழிவு காய்கறிக் கழிவைவிட அதிகக் கேஸ் தரும், பிளாஸ்டிக்கும் கலந்திருக்காது. அங்கே பெரிய நிலையத்துக்கு நான் ஓட்டுப் போடுவேன். குளிர்கால ராத்திரிகளில் கேஸ் குறையும் என்பதால் தொட்டிக்குச் சூடேற்றும் செலவை மட்டும் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்த்துவிட வேண்டும்.