பெஸ்ஸா, மராக்கேஷா: கையில் மூன்றே நாள் இருந்தால்

மொராக்கோவுக்கு முதல் தடவை, அதுவும் மூன்றே நாள் என்றால் இரண்டு ஊரையும் திணிக்காதீர்கள். ரயிலிலேயே கிட்டத்தட்ட ஏழு மணி நேரம் போய்விடும்.

மராக்கேஷ் சுலபம். விமான நிலையம் பழைய நகரத்துக்குப் பக்கம், வழி தவறினாலும் 77 மீட்டர் உயரக் கூத்துபியா மசூதி மினாரைப் பார்த்துத் திரும்பிவிடலாம், சாயங்காலம் ஜெமா எல்-ஃப்னா சதுக்கத்தில் அடுப்புப் புகைக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிடலாம். ஆனால் சந்துக்குள்ளும் மோட்டார் சைக்கிள் விரட்டும், அதுதான் எரிச்சல்.

பெஸ் வேறு ரகம். பழைய நகரத்துக்குள் கார் கிடையாது, மூட்டை சுமந்த கோவேறு கழுதை வந்தால் பின்னாலிருந்து "பாலக்!" (வழி விடு!) என்று ஒரு குரல், உடனே சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஷுவாரா தோல் பதனிடும் தொட்டிகளை மாடியிலிருந்து பார்க்கப் போனால் கடைக்காரர் மூக்கில் வைத்துக்கொள்ளக் கொஞ்சம் புதினா தருவார் (சுண்ணாம்பும் புறா எச்சமும் கலந்த அந்த நாற்றத்துக்கு அது எந்த மூலைக்கு!). கரவீயின் மசூதிக்குள் முஸ்லிம் அல்லாதவர்கள் போக முடியாது, வாசலில் எட்டிப் பார்க்கலாம். அதற்குப் பதில் 14-ஆம் நூற்றாண்டின் பூ இனானியா மதரஸாவில் நிதானமாக உட்காருங்கள்.

குழந்தைகளோடு போனால் மராக்கேஷ். நடக்கத் தெம்பிருந்தால் என் ஓட்டு பெஸ்ஸுக்கே. தொலைந்துபோவீர்கள், சரி, அப்போது தலா கபீரா தெருவைப் பிடித்து மேட்டுப் பக்கமாக ஏறினால் பழைய நகரத்தின் பாப் பூ ஜலூத் வாசல் வந்துவிடும்.