ஏலத்திலும் தோற்று, 38,500 ரூபாயும் தோற்ற கதை

நேற்று மாலை ஒரு நாணய வியாபாரி தம் லென்ஸை என்னிடம் நீட்டி, "ஆண்டின் கடைசி எண்ணை மட்டும் பாருங்கள், சார்" என்றார். 1939 என்பதில் இருந்த 9, பிறவியிலேயே 9 அல்ல; 8இன் கீழ்வட்டத்தில் இடப்பக்கத்தைச் சுரண்டி எடுத்த கோடுகள் அப்பட்டமாகத் தெரிந்தன. ஆறாம் ஜார்ஜ் காலத்து 1939ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் அரிது என்பதாலேயே, எளிதில் கிடைக்கும் 1938ஐத் திருத்தி விற்பவர்கள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் 38,500 ரூபாய் கொடுத்தேன்.

பழம்பொருள்களை ஏலம் விடும் ஓர் இணையத்தளத்தில் அந்த நாணயத்தைக் கண்டேன். நான் கொடுக்கத் தயாரான உச்சத் தொகையாக 38,500ஐப் பதிந்துவைத்தேன். அதற்குள் யார் கேட்டாலும் தளமே என் சார்பில் சிறிது கூட்டிக் கேட்கும். கடைசி நாள்வரை அசைவே இல்லை. முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, இதுவரை ஒரு பொருளும் வாங்கியிராத ஒரு கணக்கு ஐந்நூறு ஐந்நூறாக ஏற்றிக்கொண்டே வந்து, 39,000இல் என்னை மிஞ்சி நின்றது. ஊர் ஏலத்தில் ஒரு தரம், இரண்டு தரம் என்று கூவி மூச்சுவிட இடம் கொடுப்பார்கள். இங்கே கடிகாரம் கதவைச் சாத்திவிட்டது.

மறுநாள் விற்பனையாளரிடமிருந்து செய்தி வந்தது: "வென்றவர் பின்வாங்கிவிட்டார், நீங்கள் கேட்ட விலைக்கே தருகிறேன், தளத்துக்கு வெளியே பணம் அனுப்பினால் கமிஷன் மிச்சம், கூரியர் செலவு என்னுடையது." கைநழுவியது திரும்பி வந்த மகிழ்ச்சியில், என் உச்சத் தொகை எவ்வளவு என்று தோண்டி அறியத்தான் அந்தப் புதுக் கணக்கு ஏறி ஏறி வந்தது என்பது எனக்கு உறைக்கவில்லை. அவர் அனுப்பிய காணொளியில் நாணயம் தராசில் 11.66 கிராம் காட்டியது. எடை சரிதான், 1938க்கும் அதே எடைதானே! யுபிஐயில் 38,500 ரூபாயை அனுப்பிவிட்டு, நன்றி வேறு சொன்னேன்.

இன்று காலை விற்பனையாளரிடம் கேட்டபோது, "பார்த்து வாங்குவது உங்கள் பொறுப்பு" என்று ஒரே வரியில் பதில் அனுப்பிவிட்டு என்னைத் தடைசெய்துவிட்டார். தளத்தின் உதவிப் பிரிவோ, பரிமாற்றம் தங்கள் வழியாக நடக்கவில்லை என்றது. விலையை ஏற்றிவிட்ட கணக்கைப் பற்றி நான் கேட்டதற்கு, பிற பயனர்களின் விவரத்தைத் தர இயலாது என்றார்கள். மூன்றாம் முறை எழுதியதும், "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது" என்று தானியங்கிப் பதில் வந்தது. 38,500 ரூபாய் போனவனுக்கு மதிப்பெண் போடும்படி ஐந்து நட்சத்திரங்களையும் கூடவே அனுப்பியிருந்தார்கள்.

விரிவாக வழிமுறைகள் எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. தோற்ற ஏலம் தானாகத் திரும்பி வந்தால் வாங்காதீர்கள். தளத்துக்கு வெளியே ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். ஆண்டு எண்ணின் நெருக்கப் படத்தைக் கேளுங்கள், எடையை நம்பாதீர்கள். ஏமாந்தால் உடனே இணைய மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930ஐ அழையுங்கள். நான் இப்போது அந்த இணைப்புக்காகத்தான் காத்திருக்கிறேன்.