300 கிலோ பிளாட்ஃபார்ம் டிராலி, எட்டு மாசம் தள்ளிப் பாத்ததுல

பெங்களூர் சுல்தான்பேட்டைல பேப்பர் குடோன், நான் ஸ்டாக் பாக்குறவன். பழைய டிராலி கல்யாணப் பத்திரிகை சீசன்ல காலை வாரிடுச்சு. அஞ்சு லேயர் ஏத்தி வச்சிருந்தாங்க, திரும்புற வீல் ஒண்ணு பிளேட்டோட பிச்சிக்கிட்டு வந்து மேல இருந்த ரெண்டு பெட்டி நம்ம லோடிங் அண்ணன் கால்ல விழுந்துச்சு, நகம் போனதோட தப்பிச்சாரு. அப்புறம்தான் எஸ்.ஜே.பி. ரோடு போய் இதை வாங்கினோம், ஏழாயிரத்து சொச்சம்.

கடைல இருந்த பையன் "ஒரு வீல் 100 கிலோ தாங்கும் சார், நாலு வீல், 400 கிலோ தாராளமா போடலாம்"னு முதல்ல ஒண்ணு காட்டினான். கணக்கு அப்படி இல்லப்பா. தரை எங்கயாவது மேடு பள்ளம் இருந்தா ஒரு வீல் அந்தரத்துல நிக்கும், மூணு வீல்தான் சுமக்கும், அதனால மூணாலதான் வகுக்கணும், வண்டியோட எடையையும் சேத்து. 300 கிலோ சரக்கு, வண்டி ஒரு 25 கிலோ, மூணால வகுத்தா வீலுக்கு 108 கிலோ. அதனால ஒவ்வொண்ணும் 120 கிலோ தாங்குற பியு (பாலியூரித்தேன், ரப்பர் மாதிரி) வீல் போட்டதா கேட்டு எடுத்துட்டு வந்தேன்.

வண்டி சூப்பர், அதுல குறை இல்ல. சத்தமே கிடையாது, பழைய நைலான் வீல் குடோனையே அதிர வைக்கும். ஆனா பிரச்சனையே அங்கதான் ஆரம்பிச்சுது, இவ்ளோ ஈசியா உருளுறதால யாருக்கும் ஓவர்லோடு தெரியவே மாட்டேங்குது. 75 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 75 கிராம்) ஏ ஃபோர் பேப்பர் ஒரு ரீம், அதாவது 500 ஷீட், 2.3 கிலோவுக்கு மேல, பத்து ரீம் பெட்டி 23 கிலோ சொச்சம், ஒரு லேயருக்கு நாலு பெட்டி, மூணு லேயர்ல 280 ஆயிடும். நாலாவது ஏத்தினா 375. சமதரைல தள்ள மொத்த எடைல குறைஞ்சது நூத்துக்கு ரெண்டு பங்கு விசை வேணும்பாங்க, அப்போ மூணு லேயருக்கு 6 கிலோ, நாலுக்கு 8 கிலோ. ரெண்டு கிலோ வித்தியாசம் எந்தக் கைக்குத் தெரியும்? அண்ணனும் அதையேதான் கேட்டாரு, "தம்பி, வண்டி வழுக்கிக்கிட்டுப் போவுது, எதுக்கு ரெண்டு நடை?"

கேட்கிட்ட டாட்டா ஏஸ்ல ஏத்துற சரிவுலதான் வண்டவாளம் தெரிஞ்சுது. பன்னெண்டு அடிக்கு ஒரு அடி ஏறுது, பாத்தா சரிவுன்னே தோணாது. அதுல மூணு லேயருக்கே 30 கிலோ விசைக்கு மேல வேணும், நாலு லேயருக்கு 40. பிரிட்டன்ல ஆம்பளை ஒருத்தர் வண்டியைக் கெளப்ப 20 கிலோ விசைதான் அளவுன்னு வழிகாட்டி போட்டிருக்காங்க. ஏத்துறதாவது பரவால்ல, ரிட்டர்ன் சரக்கோட எறங்கும்போது வண்டி நம்மள இழுத்துட்டுப் போவும். பிரேக் ரெண்டு வீல்ல இருக்கு, ஆனா அது நிறுத்தி வைக்கத்தான், ஓடுற வண்டியைப் பிடிக்க இல்ல.

300னு ஸ்டிக்கர் ஒட்டி வந்துச்சு, ஒருத்தரும் படிக்கல, ரெண்டாவது மாசமே உரிஞ்சும் போச்சு (இதுக்கே ஒரு ஸ்டார் குறைக்கலாம், தகட்டுல பொறிச்சுக் குடுக்க எவ்ளோ ஆவும்?). கடைசில ஹேண்டில் கம்பில மூணாவது லேயர் முடியுற எடத்துல செவப்பு டேப் சுத்தினேன். அதைத் தாண்டி பெட்டி நின்னா தூரத்துல இருந்தே தெரியும், யாரும் கூட்டிப் பாக்க வேணாம். சரிவுக்கு ரெண்டே லேயர், இல்லன்னா ரெண்டு ஆளு. ஆர்ட் கார்டு (வழவழப்பான கெட்டி அட்டை) வந்தப்போ இந்தக் கோடும் ஏமாத்திடுச்சு, பெட்டி சின்னது, எடை ஜாஸ்தி. அதுக்குக் கீழ மஞ்ச டேப் ஒண்ணு.

மொதலாளிகிட்ட ரெண்டு நடை போனா லேட்டாவுமேன்னு ஒரு வாரம் திட்டு வாங்கினேன். இன்னொரு டிராலி வாங்குங்கன்னேன், வாங்கிட்டாரு, அதே மாடல்.

வாங்குறவங்க வீல் போல்ட்டை மாசம் ஒருக்கா முறுக்கிப் பாருங்க, எங்களுது ரெண்டு தடவை லூஸ் ஆச்சு. அஞ்சுக்கு நாலு குடுக்குறேன். அண்ணன்கிட்ட கேட்டா மூணுதான் குடுப்பாரு, ஹேண்டில் அவர் உயரத்துக்குக் கம்மியாம்.