லேசான வேலை என்று கூப்பிட்டால், எழுத்தில் கேளுங்கள்

கிடங்கில் சரக்கு இறக்கும்போது இடுப்பில் அடிபட்டு, டிஸ்க் பிதுங்கியிருப்பதாக ஸ்கேனில் வந்தது. விடுப்பில் இருந்தபோதே நிறுவனத்திலிருந்து ஃபோன். "உட்கார்ந்து பார்க்கிற வேலைதான், வந்துடுங்க" என்றார்கள். டாக்டரும் தடுக்கவில்லை, படுத்தே கிடப்பதைவிட நடமாடுவதுதான் நல்லது என்றார். 5 கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது, குனிந்து நிமிரக்கூடாது, அரை மணிக்கொரு முறை எழுந்து நடக்க வேண்டும் என்று சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

கொஞ்ச நாள் ஸ்டாக் கணக்கு எழுதினேன். அப்புறம் ஆள் குறைந்ததும் "ஒரு கை பிடிங்க" என்று ஆரம்பித்தார்கள். சீட்டைப் பற்றிக் கேட்டால், "எனக்கு யாரும் சொல்லலையே" என்றார் சூப்பர்வைசர். அவர் பொய் சொல்லவில்லை. சீட்டு எச்ஆர் ஃபைலோடு நின்றுவிட்டது. தூக்க முடியாது என்றதை 'வேலையை மறுத்தார்' என்று பதிவு செய்தார்கள்.

இதுதான் ஆபத்தான இடம். டாக்டர் விதித்த வரம்புக்குள் இருக்கும் வேலையை மறுத்தால், வேலையில் அடிபட்டதற்காகத் தரும் நஷ்ட ஈட்டை நிறுத்தப் பல நாடுகளில் சட்டம் இடம் தருகிறது. அதனால் ஃபோனில் "வர மாட்டேன்" என்று சொல்லாதீர்கள். "விவரத்தை எழுதி அனுப்புங்கள், டாக்டரிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். என்ன வேலை, அதிகபட்சம் எவ்வளவு எடை, எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும், சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதி வரை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். வெறுமனே லேசானது என்றால் போதாது. அமெரிக்கத் தொழிலாளர் துறையின் வகைப்பாட்டில் 'லைட்' வேலைக்கே எப்போதாவது 20 பவுண்டு, அதாவது சுமார் 9 கிலோ வரை தூக்க வேண்டிவரும். என் சீட்டில் இருந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு! வரம்பை மீறிச் செய்யச் சொன்னால் அன்றைக்கே மெயில் போடுங்கள். வாய்ப்பேச்சு எங்கேயும் நிற்காது.

பணத்திலும் கை வைத்தார்கள். வேலை நேரத்தைக் குறைத்து, அதற்கேற்பச் சம்பளத்தையும் குறைத்தார்கள். திரும்பிய நாளிலிருந்தே நஷ்ட ஈடும் முழுசாக நின்றது. பழைய சம்பளத்துக்கும் இப்போதையதற்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பகுதியைக் கேட்டுப் பெற வழி இருப்பதை அங்கே ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. பிசியோதெரபிக்குப் போன நாட்களை என் சொந்த விடுப்பில் கழித்தார்கள்.

வலி கூடியபோது 'பழைய பிரச்சினை' என்று கைகழுவிவிட்டார்கள். புகார் இப்போது விசாரணையில் இருக்கிறது. வேலைக்குத் திரும்பச் சம்மதம் என்று நான் கையெழுத்திட்ட தாளைத்தான் அவர்கள் நீட்டுகிறார்கள். என்ன வேலை என்று அதில் ஒரு வரிகூட இல்லை.