‘புகை இல்லாத வீடு’ ரூமில் எட்டு மாதம்: வாசல் வரைக்கும் சரி

சிங்கப்பூர் ஈசூனில் ஒரு வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் மாதம் 850 வெள்ளிக்கு (டாலர்) ரூம் எடுத்து எட்டு மாதம் ஆகிறது. ஏஜண்ட் பெயர் வேண்டாம். விளம்பரத்தில் ‘புகை இல்லாத வீடு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார், நான் வந்ததே அதற்காகத்தான். பழைய இடத்தில் பக்கத்துக் கட்டில்காரருக்குத் தூங்கும் முன் ஒன்று, எழுந்ததும் ஒன்று, எனக்கோ வீசிங்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் இந்த விதி நிஜமாகவே நடக்கிறது. ரூம், பாத்ரூம், சமையலறை, ஜன்னலோரம் எங்கேயும் பிடிக்கக் கூடாது, பிடித்தால் முன்பணத்தில் 200 வெள்ளி பிடித்துக்கொள்வோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. நான் வந்த புதிதில் கடைசி ரூம்காரர் பாத்ரூமில் ஃபேனைப் போட்டுக்கொண்டு இழுத்தார், மறுநாள் காலையிலேயே ஏஜண்ட் வந்து நின்றுவிட்டார். அதற்கப்புறம் அந்த ரூம்காரர் பத்தாவது மாடியிலிருந்து கீழே இறங்கித்தான் போகிறார். கீழே போனாலும் வாய்ட் டெக்கில் (புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் திறந்த பொது இடம்) நின்று பிடிக்க முடியாது. 2013 ஜனவரி 15இலிருந்து வீட்டு வாசல் தாழ்வாரம், படிக்கட்டு, வாய்ட் டெக், கூரை போட்ட நடைவழி எல்லாமே தடை, மாட்டினால் 200 வெள்ளி, கோர்ட்டுக்குப் போனால் 1,000 வெள்ளி வரைக்கும். அதனால் மழை நாளில் ஒரு கையில் குடை, ஒரு கையில் சிகரெட் என்று கார் பார்க் ஓரமாக நிற்பார், பார்த்தால் பாவமாகத்தான் இருக்கும்.

ரூமைக் கொடுக்கும்போது ஏசியைக் கழுவிக் கொடுத்தார்கள், ஆனால் திரைச்சீலையை யாரும் தொடவில்லை. முதல் வாரம் ஏசி போட்டாலே பழைய சிகரெட் வாடை. திரையைக் கழற்றி ஊறவைத்தேன், தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் இறங்கியது. அப்போ இந்த வீடு எப்போதிலிருந்து ‘புகை இல்லாத’ வீடு ஆனது என்று ஏஜண்டிடம் கேட்டேன், சிரித்துக்கொண்டே புதுத் திரை வாங்கிக் கொடுத்தார்.

இனி குறை. ஒன்பதாவது மாடியில், எங்களுக்கு நேர் கீழே, ஓர் அங்கிள் தினமும் ராத்திரி ஏழு மணிக்கு மேல் ஜன்னலில் சாய்ந்துகொண்டு பிடிக்கிறார். அவர் வீட்டு ஜன்னல், அவர் இஷ்டம்; சொந்த வீட்டுக்குள் பிடிப்பதற்குச் சட்டத்தில் தடை இல்லை. படிக்கட்டில் பிடித்தால் அபராதம், ஜன்னலில் பிடித்தால் ஒன்றுமில்லை, புகை மட்டும் இரண்டுக்கும் ஒரே மாதிரி மேலே வருகிறது. 2020இல் எங்கள் பக்கத்து நீ சூன் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த லூயிஸ் இங் ஜன்னல், பால்கனிப் பக்கம் பிடிப்பதையும் தடை செய்யச் சொல்லி நாடாளுமன்றத்தில் பேசினார், வீட்டுக்குள் எட்டிப்பார்ப்பது போல் ஆகிவிடும் என்று அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் சொல்வதும் புரிகிறது, ஆனால் மூங்கில் கழியில் ஜன்னலுக்கு வெளியே காயப்போட்ட என் சட்டையைக் காலையில் எடுத்து மோந்து பார்த்தால் அந்த நியாயமெல்லாம் மறந்துபோகிறது. ஜன்னலை மூடினால் புழுக்கம், ஏசி போட்டால் கரண்ட் காசு தனி (20 வெள்ளிக்கு மேல் போனால் நம் தலையில்). ஏஜண்டிடம் சொன்னால் “கீழ் வீட்டுக்கு நான் என்ன பண்ண முடியும் தம்பி?” என்கிறார். பொய் இல்லை, ஆனால் விளம்பரத்தில் அதைச் சொல்லவில்லையே.

இன்னொன்று, இது நம்மாட்களுக்கு மட்டும். ‘புகை’ என்றால் இங்கே எல்லாப் புகையும்தான். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்ட தஞ்சாவூர் அண்ணனுக்கும் அதே எச்சரிக்கை வந்தது. ஊதுபத்திக்கும் சிகரெட்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று அரை மணி நேரம் வாதாடி, வாசலுக்கு வெளியே ஒரே ஒரு பத்தி என்று அனுமதி வாங்கினார். என் வீசிங்குக்கு இரண்டும் ஒன்றுதான், அதை அண்ணனிடம் நான் சொல்லவில்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போகிறேன், ஆனால் சமையலறைப் பக்கத்து ரூம் காலியானதும் அங்கே மாற்றித் தரவேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான். அந்தப் பக்கம் புகை வருவதில்லை, மீன் வறுக்கிற வாடைதான். நீங்கள் பார்க்கப் போனால் ராத்திரி எட்டு மணிக்குப் போய் ஜன்னலைத் திறந்து பத்து நிமிடம் நில்லுங்கள். ஏஜண்ட் காலை பதினொரு மணிக்குத்தான் வரச் சொல்வார், அந்நேரம் அங்கிள் வேலைக்குப் போயிருப்பார்.