வாஷிங் மெஷின் ரிப்பேர்: 6,800 ரூபாய் போச்சு, நீங்களாவது ஏமாறாதீர்கள்

நேற்று சாயங்காலம்தான் உண்மை தெரிந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

எங்களுடையது ஏழு வருட ஃப்ரண்ட் லோடு மெஷின். பத்து நாள் முன்பு தண்ணீர் வெளியே போகாமல் நின்றுவிட்டது, துணியும் பிழியவில்லை. கேரளாவில் பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையில் வழக்கமாக வரும் மெக்கானிக் ஊரில் இல்லை. வீட்டுக்கே ஆள் அனுப்பும் ஒரு ஆப்பில் பதிவு செய்தேன்.

வந்த பையன் முதலில் மலையாளத்தில்தான் பேசினான். நானும் அத்தையும் தமிழ் பேசுவதைக் கேட்டதும், "நானும் பொள்ளாச்சிப் பக்கந்தானுங்க அக்கா" என்றான். அங்கேதான் விழுந்தேன். நம்ம பையன், டீ போடு என்றார் அத்தை. "மெஷினை ஓட்டுற எலக்ட்ரானிக் போர்டு போயிருச்சுங்க, 6,800 ஆகும். ஆப்புல கட்டுனா கமிஷன் புடிச்சுக்குவாங்க, என் நம்பருக்கே போட்டுருங்க" என்றான். போட்டேன். நான் டீயோடு வருவதற்குள் போர்டை மாற்றிவிட்டானாம்! கீழே இருக்கும் சின்னக் குழாயில் தண்ணீரை வடித்துவிட்டு, வெறும் டிரம்மைச் சுற்றவிட்டுக் காட்டினான். சுற்றியது. நம்பிவிட்டேன்.

மறுநாள் துணி போட்டால் பழையபடி தண்ணீர் தேங்கி நிற்கிறது. அவனைக் கூப்பிட்டால் "நாளைக்கு வர்றனுங்க." மூன்று நாள் நாளைக்கு. நாலாம் நாள், "மெஷினுக்கு வயசாயிருச்சுங்க, புதுசு வாங்கிக்கோங்க, பழசை ஆயிரத்துக்கு நானே எடுத்துக்கறேன்" என்றான். அப்புறம் போனே எடுக்கவில்லை. ஆப்பில் கேட்டால் "நோக்காம் மேடம்", அதாவது பார்க்கலாம் என்று மலையாளத்தில் ஒரு பதில். கடைசியில், பணம் எங்கள் வழியாக வரவில்லை, பில் இல்லை, உத்தரவாதமும் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

புது மெஷின் விலைகூட விசாரித்துவிட்டோம். நேற்று பழைய மெக்கானிக் ஊர் திரும்பி வந்தார். முன்பக்கம் கீழ் மூலையில் இருக்கும் பம்ப் ஃபில்டரைத் திருகி எடுத்தார். ஒரு இரண்டு ரூபாய் நாணயம், ஒரு ஹேர்பின், நூல் கட்டி. அவ்வளவுதான் கோளாறு! தண்ணீர் வடியாவிட்டால் மெஷின் பிழியாது, வடித்துவிட்டால் சும்மா சுற்றத்தான் செய்யும், அதைத்தான் எனக்குக் காட்டியிருக்கிறான். மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தால், போர்டின் மேல் ஏழு வருடத் தூசி அப்படியே இருக்கிறது. தொடவே இல்லை. இவர் கேட்டது 250 ரூபாய். அவன் கொண்டுபோனது 6,800.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், கீழே தட்டு வையுங்கள், தண்ணீர் கொட்டும். ஆளின் சொந்த நம்பருக்குப் பணம் போடாதீர்கள். வேலை முடியும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள், மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். வண்ணாமடை, வேலந்தாவளம் பக்கம் யாருக்காவது இதே மாதிரி நடந்திருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே கேட்போம்.