ஏஐஓவா, ஸ்டாக்கா: ஒரு மூலை கருகிய பிறகு

ஐந்து அங்குல எஃப்பிவி குவாட் (கேமரா காட்டுவதைத் திரையில் பார்த்தபடி ஓட்டும் நான்கு மோட்டார் ட்ரோன், ஐந்து அங்குலம் அதன் ப்ராப்பெல்லர் அளவு) கட்ட நினைப்பவர்கள் மணிக்கணக்கில் பேசுவது மோட்டாரைப் பற்றியும் கேமராவைப் பற்றியும்தான். நானும் மோட்டார் பட்டியல்களை இரண்டு வாரம் புரட்டினேன். நடுவில் உட்காரும் எலக்ட்ரானிக்ஸை மட்டும் அரை மணி நேரத்தில் முடிவு செய்தேன். எல்லாம் ஒரே போர்டில் இருக்கிறது, ஒயர் குறையும், புதியவனுக்கு அதுதான் சுலபம் என்று ஏஐஓ, அதாவது ஆல்-இன்-ஒன் போர்டு எடுத்தேன். இன்று அதே ஃப்ரேமில் இரண்டு போர்டுகளை அடுக்கிய ஸ்டாக் இருக்கிறது. அதனால் இந்த அலசலில் நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஐந்து அங்குலம் என்றால் ஸ்டாக்.

பெயர்களைப் பிரித்துக்கொள்வோம். ஏஐஓவில் ஃப்ளைட் கன்ட்ரோலரும் (பறப்பை நிலைப்படுத்தும் மூளை) நான்கு மோட்டார்களுக்கான இஎஸ்சிகளும் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சுற்றுகள்) ஒரே போர்டில் இருக்கும். ஸ்டாக்கில் அவை இரண்டு போர்டுகள்: கீழே நான்கும் சேர்ந்த ஃபோர்-இன்-ஒன் இஎஸ்சி, மேலே ஃப்ளைட் கன்ட்ரோலர், இடையில் ஒரு எட்டு பின் கேபிள். மூன்றாவதாகப் பழைய முறை ஒன்றும் உண்டு. ஃப்ரேமின் ஒவ்வொரு கையிலும் தனித்தனி இஎஸ்சி.

மற்ற பாகங்களில் பெரிய குழப்பம் இல்லை. ஐந்து அங்குல ப்ராப்புக்கு 2207 அல்லது 2306 அளவு மோட்டார். 4எஸ் (நான்கு செல்) பேட்டரி என்றால் 2,500 கேவியை (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்ற எண்) ஒட்டி, 6எஸ் என்றால் 1,750 முதல் 1,950 வரை. 4எஸ் முழு சார்ஜில் 16.8 வோல்ட், 6எஸ் 25.2 வோல்ட். கேவியோடு பெருக்கிப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நிற்கும். அதே வேகத்தைக் குறைந்த ஆம்பியரில் எடுப்பதுதான் 6எஸ்ஸின் லாபம். அனலாக் வீடியோவா டிஜிட்டலா என்பது தனிச் சண்டை, இங்கே வேண்டாம்.

எடையில் ஏஐஓ ஜெயிக்கும். இரண்டு போர்டு, கேபிள், நீளமான ஸ்க்ரூ எல்லாம் சேர்ந்து ஸ்டாக் சில கிராம் கூடத்தான் செய்யும், உயரமும் கேட்கும். ஆனால் பேட்டரியோடு 600, 700 கிராம் வரும் ஐந்து அங்குல குவாட்டில் அந்தச் சில கிராமை என் விரல்கள் உணர்ந்ததே இல்லை. 250 கிராமுக்குள் நிற்க வேண்டிய மூன்று அங்குலத்தில் கதை வேறு. அங்கே ஒவ்வொரு கிராமுக்கும் கணக்கு உண்டு.

கைரோ (குவாட் திரும்புவதை உணரும் சென்சார்) விஷயம் பலர் கவனிக்காதது. ஃப்ளைட் கன்ட்ரோலரை ரப்பர் வளையங்களில் மிதக்க விடுவது மோட்டாரின் அதிர்வு கைரோவுக்குப் போகாமல் இருக்கத்தான். ஏஐஓவிலும் அந்த ரப்பர் உண்டு. ஆனால் பன்னிரண்டு மோட்டார் ஒயர்களும் தடித்த பேட்டரி ஒயர்களும் சால்டர் ஆகியிருப்பது அதே போர்டில். ஒயர் விறைப்பாக இருந்தால் ரப்பரைத் தாண்டி அதிர்வு நேராக உள்ளே வந்துவிடும். ஸ்டாக்கில் அந்த இழுவை எல்லாம் கீழே இருக்கும் இஎஸ்சியோடு போய்விடுகிறது. மேலே இருக்கும் போர்டுக்கு மெல்லிய ஒயர்கள் மட்டும்தான். என் ஏஐஓ பறந்த நாட்களில் வீடியோவில் தெரிந்த நடுக்கத்துக்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அதிர்வை வடிகட்டும் ஃபில்டர் அமைப்பிலும் அப்போது நான் கற்றுக்குட்டி.

இதெல்லாம் சின்ன விஷயம். என்னை மாற்றியது ரிப்பேர்.

இஎஸ்சியில் ஒரு மோட்டாருக்கு ஆறு மாஸ்ஃபெட்கள் (மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சின்ன சுவிட்சுகள்). நான்கு மோட்டாருக்கு இருபத்து நான்கு. விழுந்து அடிபட்டால் முதலில் சாவது பெரும்பாலும் இந்தக் கூட்டத்தில் ஒன்றுதான். ப்ராப் புல்லில் சிக்கி நிற்கும்போது த்ராட்டில் கொடுத்தாலும், கவிழ்ந்து கிடப்பதை டர்ட்டில் மோடில் புரட்டப் பிடிவாதமாக முயன்றாலும், சுழலாத மோட்டாருக்குள் மின்னோட்டம் பாய்ந்து மாஸ்ஃபெட் கருகிவிடும். விழுந்த நொடியே டிஸ்ஆர்ம் (மோட்டார்களை நிறுத்திப் பூட்டுவது) செய்யச் சொல்வது இதற்காகத்தான்.

என்னுடையது இன்னும் வெட்கக்கேடான வழியில் போனது. ஃப்ரேமின் ஒரு கை உடைந்தது. மாற்றிய கை ஒரு மில்லிமீட்டர் மெலிது. நான் பழைய ஸ்க்ரூக்களையே போட்டேன். அந்த ஒரு மில்லிமீட்டர் உள்ளே நீண்டு மோட்டாரின் சுற்றுக் கம்பியைத் தொட்டுவிட்டது. ஆர்ம் செய்ததும் ஒரு பொறி, கொஞ்சம் புகை, அந்த வாடை. மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து ஒரு முனையை ஸ்க்ரூவிலும் மறுமுனையை மோட்டார் ஒயரிலும் தொட்டுப் பார்த்திருந்தால் போதும். பீப் வந்தால் ஸ்க்ரூ நீளம் என்று அர்த்தம். பத்து வினாடி வேலை.

சரி, போனது என்ன? மூன்றாவது மோட்டாரின் மூலை மட்டும். மற்ற மூன்று இஎஸ்சியும் நலம், கைரோ நலம், ப்ராசஸர் நலம், கம்ப்யூட்டரில் செருகினால் அமைப்புகளுக்கான பீட்டாஃப்ளைட் மென்பொருள் ஒன்றுமே நடக்காதது போல் திறக்கிறது. ஆனால் மூன்று காலோடு குவாட் பறக்காது. நல்ல ஃப்ளைட் கன்ட்ரோலர் ஒன்றையும் சேர்த்துத்தான் தூக்கிப்போட வேண்டும். மாஸ்ஃபெட்டை மட்டும் மாற்றலாமே என்பீர்கள். ஹாட் ஏர் கருவியும் அந்தக் கையும் இருந்தால் மாற்றலாம். நான் முயன்றதில் பக்கத்தில் இருந்தவையும் சேர்ந்து நகர்ந்தன.

காசை விட வேலைதான் வலித்தது. ஏஐஓவை மாற்ற சால்டர் செய்ய வேண்டிய இடங்கள் மோட்டார் ஒயர் 12, பேட்டரி 2, கெபாசிட்டர் 2, ரிசீவர் 4, கேமராவும் வீடியோ டிரான்ஸ்மிட்டரும் பஸ்ஸரும் சேர்ந்து இன்னும் எட்டு பத்து என்று முப்பதைத் தொடும். பிறகு ரேட், பிஐடி, சுவிட்ச், ஓஎஸ்டி என்ற பறக்கும் அமைப்புகள் எல்லாம் முதலிலிருந்து. டிஃப் ஆல் கட்டளையில் எடுத்த அந்த அமைப்புகளின் பிரதி இருந்தால் பிழைத்தீர்கள். என்னிடம் இல்லை. ஸ்டாக்கில் இஎஸ்சி போனால் முதல் பதினாறைக் கழற்றி மாட்டி, கேபிளைச் செருகி, மோட்டார் சுற்றும் திசையைச் சரிபார்த்தால் முடிந்தது. மேல் போர்டையும் அதன் அமைப்புகளையும் தொடவே தேவையில்லை. ஸ்டாக்குக்கு மாறிய பிறகு ஒருமுறை இஎஸ்சி போனது. சனிக்கிழமை மாலை பிரித்தேன், ஞாயிறு காலை பறந்தேன்.

சால்டர் பேட் (ஒயரை ஒட்டும் உலோகத் திட்டு) கதையும் இதோடு சேர்ந்ததே. மோட்டார் மாற்றும்போதெல்லாம் அதே பேட் சூடாகிறது. ஏஐஓவில் பேட்கள் சிறியவை, நெருக்கமானவை, மூன்றாம் தடவையில் ஒன்று பெயர்ந்தாலும் கதை முடிந்தது. 30.5 மில்லிமீட்டர் துளை இடைவெளி கொண்ட இஎஸ்சியில் பேட்கள் தாராளமாக இருக்கும், தடுமாறும் கையையும் மன்னிக்கும்.

ஸ்டாக்கிலும் ஒரு கண்ணி உண்டு, அந்த எட்டு பின் கேபிள்தான். கனெக்டர் ஒன்றுபோல் இருந்தாலும் பின்களின் வரிசை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். பேட்டரி வோல்ட்டேஜ் வரும் பின் சிக்னல் பின்னில் போய் உட்கார்ந்தால் ஃப்ளைட் கன்ட்ரோலர் அங்கேயே காலி. வேறு வேறு தயாரிப்புகளை இணைப்பவர்கள் இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு ஒயராகப் பார்த்து, தேவைப்பட்டால் ஊசியால் பின்னைக் கிளப்பி இடம் மாற்ற வேண்டும். முதல் தடவை கட்டுபவர் ஜோடியாக வருவதையே வாங்கலாம். அப்புறம், எதை வாங்கினாலும் பேட்டரி பேட் பக்கத்தில் லோ ஈஎஸ்ஆர் (உள்தடை குறைந்த) கெபாசிட்டர் ஒன்று கட்டாயம். 6எஸ்ஸுக்கு 35 வோல்ட், 1,000 மைக்ரோஃபாரட் பொதுவான அளவு. மோட்டார் பிரேக் பிடிக்கும்போது எழும் வோல்ட்டேஜ் துள்ளலை அது விழுங்கிக்கொள்ளும். இஎஸ்சியின் மென்பொருளையும் பாருங்கள். பிஎல்ஹெலி32 என்ற மென்பொருள் 2024இல் நின்றுபோனது. புதிதாக எடுப்பவர்கள் ஏஎம்32 அல்லது ப்ளூஜே ஓடும் போர்டாகப் பார்ப்பது நல்லது.

ரிப்பேர்தான் எல்லாம் என்றால் தனித்தனி இஎஸ்சிதானே ஜெயிக்க வேண்டும்? கணக்குப்படி ஆமாம். ஒன்று போனால் ஒன்றை மட்டும் மாற்றலாம், ஏழு ஒயர். ப்ராப் காற்றும் நேராகப் பட்டு அதைக் குளிர்விக்கும். ஆனால் அது உட்காரும் இடம் அடிபடும் கை, இன்றைய ஃப்ரேம்களின் கைகளோ அதைத் தாங்கும் அகலத்தில் இல்லை. புதிதாக வருபவையும் குறைந்துவிட்டன. நண்பர் ஒருவரின் பழைய குவாட்டைப் பிரித்துக் கட்டியதோடு என் அனுபவம் முடிகிறது. அதனால் இதில் என் பேச்சைப் பாதி விலைக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று அங்குலத்தில் நான் இன்றும் ஏஐஓதான் வைத்திருக்கிறேன், 25.5 மில்லிமீட்டர் துளை, 1404 மோட்டார், 4எஸ். அது லேசானது, விழும்போது அடியும் லேசு. ஒரு வருடமாக மாஸ்ஃபெட் எதுவும் போகவில்லை. அதில் 20 மில்லிமீட்டர் ஸ்டாக் போட்டுப் பார்க்கும் ஆசை உண்டு, ஃப்ரேமில் உயரம் போதவில்லை. கருகிய பழைய ஏஐஓ மேசையில்தான் கிடக்கிறது. புது சால்டரிங் முனை வாங்கினால் முதலில் அதில்தான் தேய்த்துப் பார்க்கிறேன்.